உழவில்லா விதைப்பு: விதைப்பானைத் தேர்ந்தெடுத்து வயலுக்கு ஏற்ப அமைக்கும் முறை

உழுத நிலத்தில் விதைப்பானின் சிறு குறைகளை மண்ணே மறைத்துவிடும். புழுதி பொலபொலவென்று இருப்பதால் விதை முன்னே பின்னே விழுந்தாலும் மண் சரிந்து மூடிக்கொள்ளும். உழாத நிலத்தில் அந்தத் தயவு கிடையாது. தாளை வெட்டுவது, மண்ணைக் கீறுவது, விதையை ஒரே ஆழத்தில் இறக்குவது, அதை ஈர மண்ணோடு ஒட்ட வைப்பது, சாலை (விதை விழும் கீறலை) மூடுவது என ஐந்து வேலைகளையும் கருவி ஒரே ஓட்டத்தில் செய்து முடிக்க வேண்டும்.

இந்த ஐந்தும் வரிசையாக நடப்பவை. முந்தையது பிசகினால் பிந்தையதைச் சரிசெய்து பயனில்லை. சால் மூடவில்லை என்றதும் பின்னால் இருக்கும் மூடு சக்கரத்தைத் திருகத் தொடங்குவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. பல நேரம் கோளாறு முன்னால், வெட்டுப்படாத வைக்கோலில் இருக்கும். ஆகவே கீழே உள்ளவை எல்லாம் முன்னிருந்து பின்னாக, செய்யவேண்டிய அதே வரிசையில் தரப்பட்டுள்ளன. நின்ற அரிதாள், உதிர்ந்த வைக்கோல், தட்டை, சருகு எல்லாவற்றையும் சேர்த்தே இங்கே ‘தாள்’ என்கிறோம்.

1. முந்தைய அறுவடையிலேயே வேலை தொடங்குகிறது

அறுவடை இயந்திரத்தின் பின்னால் வைக்கோல் ஒரே கோடாகக் குவிந்து கிடந்தால், எவ்வளவு நல்ல விதைப்பானும் அந்தக் கோட்டில் திணறும். குவியலின் அடியில் மண் ஈரமாகவும் குளிர்ந்தும் இருக்கும், பக்கத்தில் காய்ந்திருக்கும். ஒரே அமைப்பு இரண்டுக்கும் பொருந்தாது. அறுவடை இயந்திரம் வெட்டும் அகலம் முழுவதும் வைக்கோலும் உமியும் சீராகப் பரவ வேண்டும். பரப்பும் கருவி இல்லாத இயந்திரத்தில் அறுத்திருந்தால், விதைப்புக்கு முன்பே ஆள்வைத்தோ வாரிக் கருவியாலோ கலைத்துவிடுங்கள்.

தாளை எவ்வளவு உயரத்தில் விடுவது என்பது எந்தக் கருவியால் விதைக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சுழலும் வட்டத் தகட்டால் மண்ணைக் கீறும் டிஸ்க் வகைக்கு வேரோடு நிமிர்ந்து நிற்கும் உயரமான தாள் நல்லது. நிற்கும் தாளுக்கு இடையே டிஸ்க் எளிதில் புகுந்துவிடும், தரையில் படுத்த தாளைத்தான் வெட்டவேண்டியிருக்கும். கூரிய இரும்பு முனையால் கீறும் கொழு வகையில் உயரமான தாளும், வேரோடு பிடிப்பில்லாத உதிரி வைக்கோலும் கொழுவில் சிக்கி இழுபடும். அதற்குத் தாழ அறுப்பதும் நன்றாகப் பரப்புவதும் வேண்டும்.

அடுத்து, தரையின் மட்டம். அறுவடை இயந்திரமோ டிராக்டரோ ஈரத்தில் புதைந்து போட்ட தடங்களைச் சமன் செய்யாமல் உழவில்லா முறைக்கு மாறாதீர்கள். தடத்துக்கு மேல் ஒரு வரிசை காற்றில் ஓடும், பக்கத்து வரிசை ஆழமாகப் போகும். பழைய உழவுக் கெட்டிப் படலம் இருந்தால் அதையும் முதலிலேயே உடைத்துவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போது ஒரு கூரிய இரும்புக் கம்பியைக் கையால் அழுத்துங்கள். 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் திடீரென்று முட்டி நின்றால் படலம் இருக்கிறது. மண் எதிர்ப்பு 2 மெகா பாஸ்கலைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர் தடைபடும். அதை எந்த விதைப்பானும் சரிசெய்யாது.

களையும் இப்படித்தான். உழவு இல்லாததால், விதைக்கும் நாளில் பச்சையாக நிற்கும் களை அப்படியே பயிரோடு போட்டிபோடும். விதைப்புக்கு முன்பே அது மடிந்திருக்க வேண்டும். பாதி வாடிய களை மிக மோசம். அது விறைப்பாக நிற்காது, வெட்டுப்படவும் செய்யாது, கயிறாகக் கருவியில் சுற்றிக்கொள்ளும்.

2. கொழு வகையா, டிஸ்க் வகையா

முதலில் முடிவு செய்ய வேண்டியது சால் திறப்பானை. பெட்டி, சட்டம், நிறம் எல்லாம் அதற்குப் பிறகு.

தலைகீழ் ‘T’ வடிவக் கொழு மேலே குறுகலாகவும் அடியில் அகலமாகவும் கீறும். மேல்வாய் குறுகியிருப்பதால் ஈரம் தப்பாது, அடி அகலமாக இருப்பதால் விதைக்குத் தளர்ந்த மண் கிடைக்கும். கூட்டு எளிது, விலை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. கல் நிலத்திலும் ஓடும். ஆனால் உதிரி வைக்கோல் மிகுந்த வயலில் வாரிபோல் எல்லாவற்றையும் சேர்த்து இழுக்கும். கொழுக்களை இரண்டு மூன்று வரிசைகளாக முன்னும் பின்னும் விலக்கி அமைத்த சட்டத்தில் இந்தத் தொல்லை குறையும்.

வைக்கோல் மிகுதி, ஆனால் கொழு வகைதான் வசதி என்றால், ஒவ்வொரு கொழுவுக்கும் முன்னால் பி.டி.ஓ.வில் (டிராக்டர் எஞ்சினின் விசையைக் கருவிக்குத் தரும் தண்டில்) சுழலும் கத்திகள் கொண்ட ‘ஹேப்பி சீடர்’ வகையைப் பாருங்கள். கத்தி கொழுவின் முன்னுள்ள தாளை அடித்து ஒதுக்கிவிடும். அதற்குக் குதிரைத் திறன் கூடுதலாக வேண்டும், வேகமும் குறையும். பனி ஈரத்தில் வைக்கோல் வெட்டுப்படாமல் கத்தியில் சுற்றும்.

இரட்டை டிஸ்க் திறப்பான் ‘V’ வடிவச் சால் போடும். மண்ணைக் குறைவாகக் கலைக்கும், ஆழம் சீராக வரும், சோளம், மக்காச்சோளம், சூரியகாந்தி போல ஒவ்வொரு விதையாக இடவேண்டிய பயிர்களுக்கு இதுவே ஏற்றது. குறை இரண்டு: எடை வேண்டும், ஈரக் களிமண்ணில் சாலின் இரு சுவர்களையும் பூசி மெழுகியதுபோல் இறுக்கிவிடும்.

சற்றே சாய்வாக நிற்கும் ஒற்றை டிஸ்க், தாளை வெட்டுவதில் இரட்டை டிஸ்கைவிடத் திறமானது. ஒரே பக்கச் சுவரைத்தான் அழுத்தும். ஆனால் பேரிங், புஷ், பக்கவாட்டு அழுத்தம் என்று கவனிக்க வேண்டிய இடங்கள் அதிகம்.

சுருக்கமாக எங்கள் தீர்ப்பு: தானியம், பயறு, குறைந்த தாள், சிறிய டிராக்டர் என்றால் தலைகீழ் ‘T’ கொழு. இடைவெளி பார்த்து ஊன்றும் பயிர், மிகுந்த தாள், போதிய எடை என்றால் டிஸ்க். ஈரக் களிமண்ணும் மிகுந்த வைக்கோலும் சேர்ந்த நிலத்தில் இரண்டுமே சிரமம்தான். அங்கே கருவியைவிட விதைக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதே முக்கியம்.

3. எடையைக் கணக்கிடுங்கள்

உழாத மண்ணில் டிஸ்க் இறங்க, மண்ணின் கடினத்தைப் பொறுத்து ஒரு வரிசைக்கு 150 முதல் 250 கிலோ வரை எடை தேவைப்படலாம். முன்னால் தாளை வெட்டும் தனி டிஸ்கும் (வெட்டு டிஸ்க்) இருந்தால் இன்னும் கூடும். விதைப்பானின் மொத்த எடையை வரிசை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 4 வரிசைக் கருவி 480 கிலோ என்றால் வரிசைக்கு 120 கிலோதான். காய்ந்த நிலத்தில் அது போதாது.

‘வரிசையை மண்ணில் அழுத்தும் ஸ்ப்ரிங்கை இறுக்கினால் போதாதா’ என்று கேட்பவர்கள் பலர். ஸ்ப்ரிங் எடையை உண்டாக்காது. சட்டத்தில் இருக்கும் எடையை வரிசைக்கு மாற்றிக் கொடுக்கும், அவ்வளவுதான். சட்டத்தில் எடை இல்லாமல் ஸ்ப்ரிங்கை மட்டும் இறுக்கினால் சட்டமே மேலே தூக்கும். அதோடு விதைப் பெட்டியை ஓட்டும் தரைச் சக்கரமும் தரையைவிட்டு எழும்பும். வயலில் ஆங்காங்கே விதையே விழாத திட்டுகள் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முதலில் சட்டத்தில் எடை ஏற்றுங்கள், பிறகு ஸ்ப்ரிங்கை இறுக்குங்கள்.

9 கொழு கொண்ட ஜீரோ டில் (உழவில்லா) விதைப்பானுக்கு 35 முதல் 45 குதிரைத் திறன் டிராக்டர் போதும். சுழல் கத்தி உள்ள வகையில் அதே 9 வரிசைக்கு 45 முதல் 50 வேண்டும். இழுக்கும் திறன் மட்டும் பார்க்காதீர்கள். விதையும் உரமும் நிரப்பிய கருவியைத் தூக்கும்போது முன் சக்கரம் லேசானால் திருப்புவது ஆபத்து. தூக்கிய நிலையிலும் டிராக்டரின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முன்னால் எடைக் கட்டைகள் மாட்டுங்கள்.

4. கொட்டகையில் செய்ய வேண்டியவை

விதைக்கும் நாளில் தேய்ந்த பாகத்தைக் கண்டுபிடிப்பதால் பயனில்லை. குறைந்தது இரண்டு வாரம் முன்பே கருவியைத் தாங்கிகளில் தூக்கி நிறுத்திப் பாருங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் கைவைக்காதீர்கள்.

டிஸ்க் விட்டம்: புதிதாக 15 அங்குலம் இருந்த டிஸ்க் 14½ அங்குலத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டும். அரை அங்குலம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் தேய்ந்த டிஸ்குகள் முன்னால் ஒன்றையொன்று தொடுவது குறையும், சாலின் அடி ‘V’யாக இல்லாமல் நடுவில் மேடிட்டு ‘W’ ஆகும். விதை அந்த மேட்டில் உட்கார்ந்து ஒன்று மேலாகவும் ஒன்று கீழாகவும் இருக்கும்.

இதைச் சோதிக்க இரண்டு தடித்த அட்டைத் துண்டுகள் போதும். இரண்டு டிஸ்குக்கும் இடையில் ஓர் அட்டையை மேலிருந்தும் இன்னொன்றைக் கீழிருந்தும், முட்டும்வரை நுழையுங்கள். இரண்டு அட்டைக்கும் இடையில் எஞ்சும் தூரமே டிஸ்குகள் தொட்டுக்கொள்ளும் நீளம். பெரும்பாலான கருவிகளில் இது 4 முதல் 6 செ.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் டிஸ்குக்கும் அதன் தாங்கிக்கும் இடையில் உள்ள வாஷரை எடுத்து வெளிப்பக்கம் போட்டு நெருக்குங்கள். அளவுக்கு மீறி நெருக்கினால் டிஸ்க் ஒன்றையொன்று தேய்த்துத் தின்னும், பேரிங்கும் போகும்.

கொழு வகையில் இறக்கைகளைப் பாருங்கள். தலைகீழ் ‘T’யின் இரு பக்க இறக்கை தேய்ந்துவிட்டால் அது வெறும் கத்தி. கீறும், ஆனால் அடியில் மண் தளராது. எல்லாக் கொழுவும் ஒரே அளவு தேய்ந்திருக்காது. டிராக்டர் சக்கரத் தடத்தில் ஓடுபவை முதலில் தேயும். ஒன்றை மட்டும் மாற்றினால் அந்த வரிசை மற்றவற்றைவிட ஆழமாகப் போகும். முழு வரிசையாக மாற்றுவதே நல்லது.

வரிசைகளை சட்டத்தோடு இணைக்கும் கைகளைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. செயின், ஸ்ப்ராக்கெட் பற்களைப் பாருங்கள். விறைத்த கண்ணி ஒன்று இருந்தாலும் விதை விட்டுவிட்டு விழும். விதைக் குழாய்களுக்குள் சிலந்திக் கூடும் உரக் கட்டியும் இருப்பது வழக்கம். ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். குழாய் நடுவில் தொய்ந்திருந்தால் விதை அங்கே தேங்கி மொத்தமாக விழும். நீளம் அதிகமான குழாயை வெட்டிச் சரிசெய்யுங்கள்.

5. சட்டத்தை மட்டப்படுத்துதல்

கருவியை மாட்டிய பிறகு, சமதளத்தில் இறக்கி இடவலம் மட்டம் பாருங்கள். டிராக்டரின் பின் டயர் இரண்டிலும் காற்று சமமாக இருக்கிறதா என்பதை அதற்கும் முன்னால் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் காற்று குறைந்தால் லிஃப்டிங் ராடை (கருவியைத் தூக்கும் பக்கக் கம்பியை) எவ்வளவு திருகினாலும் மட்டம் நிற்காது.

முன்பின் மட்டம் டாப் லிங்கால் (கருவியின் மேல்பகுதியை டிராக்டரோடு இணைக்கும் கம்பியால்) வருவது. டாப் லிங்கைக் குறுக்கினால் சட்டம் முன்னால் கவிழும், முன் வரிசைக் கொழுக்கள் ஆழமாகவும் பின் வரிசை மேலாகவும் போகும். ஒன்று விட்டு ஒன்று வரிசை நன்றாக முளைத்து மற்றவை மெலிந்து நின்றால் இதுதான் காரணம். வரிசை அலகுகள் கொண்ட டிஸ்க் கருவியில் சட்டக் குழாய் தரையிலிருந்து 50 முதல் 55 செ.மீ. உயரத்தில், இணைப்புக் கைகள் தரைக்கு இணையாக இருப்பது பொது விதி. உங்கள் கருவியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டகை மட்டத்தோடு நிறுத்தாதீர்கள். பெட்டிகள் நிரம்பி, மண்ணில் இறங்கி, 20 மீட்டர் ஓடி நின்ற நிலையில் இறங்கிப் பக்கவாட்டில் இருந்து மறுபடி பார்க்க வேண்டும். டயர் புதையும் அளவு, இழுப்பு எல்லாம் சேர்ந்து மட்டத்தை மாற்றியிருக்கும்.

6. தாளை வெட்டும் பகுதி

வெட்டு டிஸ்க் இருந்தால், அது சால் திறப்பானுக்கு நேர் முன்னால் ஓடுகிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். 2 செ.மீ. விலகினால்கூடத் திறப்பான் வெட்டுப்படாத தாளின் மேல் ஏறும். ஆழம், விதை ஆழத்தைவிட 1 முதல் 2 செ.மீ. குறைவாக இருக்கட்டும். ஆழமாக வெட்டினால் நல்லது என்று நினைத்து விதைக்குக் கீழே வரை இறக்குவார்கள். விதைக்கு அடியில் வெற்றிடம் உண்டாகி வேர் காற்றில் தொங்கும்.

தாள் ஒதுக்கிச் சக்கரம் தாளை மட்டும் தள்ள வேண்டும், மண்ணைத் தொடக்கூடாது. ஓடும்போது அது விட்டுவிட்டுச் சுழன்றால் சரியான உயரம். நிற்காமல் சுழன்று பள்ளம் பறித்தால், விதை ஆழத்தை முடிவு செய்யும் ஆழச் சக்கரம் அந்தப் பள்ளத்தில் ஓடி ஆழத்தைக் குலைக்கும், மழை பெய்தால் அதுவே வாய்க்காலாகும்.

இந்தப் பகுதியில் நடக்கும் பெரிய கோளாறு, வைக்கோல் வெட்டுப்படாமல் கொண்டை ஊசிபோல் மடிந்து சாலுக்குள் இறங்குவது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். சாலைக் கீறிப் பார்த்தால் விதை மண்ணில் இல்லாமல் வைக்கோல் மடிப்பில் உட்கார்ந்திருக்கும். ஈரம் கிடைக்காமல் முளைக்காது, முளைத்தாலும் அழுகும். காரணங்கள் மூன்று: மழுங்கிய டிஸ்க், நைந்து ஈரமான தாள், அடியில் இளகிய மண். வெட்டுவதற்குக் கீழே கெட்டியான பிடிமானம் வேண்டும். எனவே பனி உலர்ந்து தாள் மொறமொறப்பான பின், முற்பகலில் தொடங்குங்கள். அதற்கும் சரிவராவிட்டால் ஒதுக்கிச் சக்கரத்தைச் சற்று இறக்கலாம். அழுத்தத்தைக் கூட்டுவது பெரும்பாலும் இன்னும் ஆழமாக மடித்துத் திணிக்கவே செய்யும்.

7. ஆழமும் அழுத்தமும்

இவை இரண்டும் வேறுவேறு அமைப்புகள் என்பதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டிஸ்க் கருவியில் ஆழத்தை முடிவு செய்வது ஆழச் சக்கரத்தின் நிறுத்தம். அழுத்தம், அந்தச் சக்கரத்தைத் தரையோடு பிடித்து வைப்பதற்கு. விதை மேலாக விழுகிறது என்று ஆழக் கைப்பிடியை மாற்றுவதற்கு முன், சக்கரம் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

சோதனை எளிது. சிறிது தூரம் ஓட்டி, இறக்கிய நிலையிலேயே டிராக்டரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு ஆழச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகப் பிடித்துத் திருகினால்தான் வழுக்கிச் சுற்ற வேண்டும். விரலால் தட்டினாலே சுற்றினால் அழுத்தம் போதாது. அசையவே அசையாமல், சக்கரத் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தால் அழுத்தம் அதிகம். அதிக அழுத்தம் விதைக்குப் பக்கத்து மண்ணை இறுக்கி வேரை நெரிக்கும். டிராக்டர் தடத்தில் ஓடும் வரிசைகளுக்கு மட்டும் ஸ்ப்ரிங்கை ஒரு படி கூட்டுவது பல வயல்களில் தேவைப்படும்.

மக்காச்சோளத்துக்கு 4 முதல் 6 செ.மீ., கோதுமைக்கு 4 முதல் 5, சோயாவுக்கு 3 முதல் 4, கடுகு போன்ற சிறு விதைக்கு 1.5 முதல் 2.5 செ.மீ. என்பவை தொடக்க அளவுகள். இவற்றை மண்ணின் மேற்பரப்பிலிருந்து அளக்க வேண்டும், தாளின் மேலிருந்து அல்ல. 3 செ.மீ. தடிமனான தாள் மெத்தைக்கு மேல் ஆழச் சக்கரம் ஓடினால், 5 செ.மீ. என்று வைத்த விதை 2 செ.மீ.யில்தான் கிடக்கும்.

8. விதை அளவைச் சரிபார்த்தல்

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் அட்டவணை வெறும் தொடக்கம். விதையின் பருமன், நேர்த்தி மருந்துப் பூச்சு, தரைச் சக்கரத்தின் வழுக்கல் எல்லாம் அளவை மாற்றும். உழாத, தாள் மூடிய நிலத்தில் தரைச் சக்கரம் எவ்வளவு வழுக்கும் என்பது வயலுக்கு வயல் மாறும். ஆகவே சுற்றளவை டேப்பால் அளக்காதீர்கள். விதைக்கப்போகும் வயலிலேயே, கருவியை மண்ணில் இறக்கி ஓட்டி, சக்கரம் 10 சுற்று சுற்ற எத்தனை மீட்டர் ஆகிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டு: 9 வரிசை, இடைவெளி 20 செ.மீ., ஆக அகலம் 1.8 மீட்டர். 10 சுற்றுக்கு 16 மீட்டர் ஓடியது, ஒரு சுற்றுக்கு 1.6 மீட்டர். ஏக்கருக்கு 40 கிலோ விதை வேண்டும். ஏக்கர் ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 10 கிராம்.

இப்போது கருவியைத் தூக்கி, ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஒரு பை கட்டி, சக்கரத்தைக் கையால் 20 சுற்று சுற்றுங்கள். வயலில் இது 32 மீட்டர் ஓடியதற்குச் சமம். பரப்பு 32 × 1.8 = 57.6 சதுர மீட்டர். விழவேண்டிய விதை 576 கிராம், குழாய்க்கு 64 கிராம். குறைந்தால் அளவுக் கைப்பிடியைத் திறந்து மறுபடி சுற்றுங்கள். அளப்பதற்கு முன் சில சுற்று வீணாகச் சுற்றி, விதை அளக்கும் உருளைகளில் விதை நிரம்பிய பிறகே பையைக் கட்ட வேண்டும்.

மொத்த எடை சரியாக இருந்தால் போதாது. ஒவ்வொரு பையையும் தனித்தனியாக நிறுங்கள். சராசரியிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் விலகும் குழாயில் உருளை நகர்ந்திருக்கும் அல்லது அடைப்பு இருக்கும்.

ஒவ்வொரு விதையாக இடும் கருவியில் எடைக்குப் பதில் இடைவெளியைப் பாருங்கள். 60 செ.மீ. வரிசையில் ஏக்கருக்கு 30,000 செடி வேண்டுமென்றால் செடிக்குச் செடி சுமார் 22 செ.மீ., 10 மீட்டரில் 45 விதை. இரட்டையாக விழுந்தால் விதையை எடுக்கும் தட்டின் துளை பெரிது, அல்லது மிகுதி விதையைத் தட்டிவிடும் பகுதி தளர்ந்திருக்கிறது. விட்டுவிட்டு விழுந்தால் துளை சிறிது, அல்லது காற்று உறிஞ்சல் போதவில்லை.

9. உரம் எங்கே விழ வேண்டும்

விதைக்கு 5 செ.மீ. பக்கவாட்டில், 5 செ.மீ. கீழே. இது பாதுகாப்பான இடம். யூரியாவை விதையோடு ஒரே சாலில் விடாதீர்கள். அது கரையும்போது வெளிவரும் அம்மோனியா முளையைச் சுட்டுவிடும். மணற்பாங்கான, ஈரம் குறைந்த நிலத்தில் சேதம் இன்னும் கூடும். விதையையும் உரத்தையும் ஒரே கொழுவில் இறக்கும் கருவி என்றால், இரண்டு குழாயின் வாய்க்கும் இடையே மண் சரிந்து விழும் அளவுக்காவது இடைவெளி இருக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள்.

தாளின் மேல் யூரியாவைத் தூவுவதும் வீண். தாளில் உள்ள நொதி அதை விரைவாக அம்மோனியாவாக்கி காற்றில் விட்டுவிடும். தாள் மக்கும்போதும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும். ஆகவே தொடக்க உரத்தைத் தாளுக்கு அடியில், மண்ணுக்குள் கோடாக இடுவதே சரி.

10. சாலை மூடுதல்

மூடு சக்கரம் இரண்டு வேலை செய்கிறது: சாலின் பக்கச் சுவரை உடைத்து விதையின் மேல் தள்ளுவது, பிறகு லேசாக அமுக்குவது. வழவழப்பான ரப்பர்ச் சக்கரம் இளகிய மண்ணுக்குப் போதும். கெட்டியான, ஈரக் களிமண்ணில் அது மேற்பரப்பை அமுக்குமே தவிர சுவரை உடைக்காது. அங்கே ஒரு பக்கம் பல் சக்கரம், மறு பக்கம் ரப்பர் என்று மாட்டலாம். இரண்டு பக்கமும் பல் வைத்தால் காய்ந்த மண்ணில் மேல் மண் அளவுக்கு மீறித் தளர்ந்து ஈரம் போய்விடும்.

இரண்டு சக்கரத்தின் நடுக்கோடு சாலின் மேல் சரியாக விழ வேண்டும். கருவியைச் சிமெண்டுத் தரையில் இறக்கி ஓரடி இழுத்தால், டிஸ்க் போட்ட கோடு இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் போகிறதா என்று தெரிந்துவிடும். ஒரு பக்கம் ஒதுங்கினால் சால் திறந்தே கிடக்கும், ஸ்ப்ரிங்கை இறுக்கிப் பயனில்லை.

11. பதமும் வேகமும்

மேல் மண்ணைத் தொட்டுப் பார்த்துப் பதம் சொல்லாதீர்கள். தாளை விலக்கி, விதை விழும் ஆழத்தில் ஒரு பிடி எடுத்து உருண்டை பிடியுங்கள். கட்டைவிரலால் அழுத்தியதும் உதிர்ந்தால் விதைக்கலாம். விரல் பட்ட இடம் பளபளவென்று மெழுகியதுபோல் ஆனால் பொறுங்கள். டிஸ்கும் சாலின் சுவரை அப்படித்தான் மெழுகும். பிறகு காய்ந்ததும் சால் வாயைப் பிளக்கும். தாள் மூடிய நிலம் உழுத நிலத்தைவிடச் சில நாள் தாமதமாகத்தான் பதத்துக்கு வரும். பக்கத்து வயலில் விதைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள்.

வேகம், கொழு வகையில் மணிக்கு 4 முதல் 5 கி.மீ. 50 மீட்டரை 36 விநாடியில் கடந்தால் அது 5 கி.மீ. விதையாக இடும் டிஸ்க் கருவியில் 5 முதல் 7 வரை போகலாம். அதற்கு மேல் அலகு துள்ளும், விதை குழாய்ச் சுவரில் மோதி இடைவெளி குலையும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே கருவியை மெல்ல இறக்குங்கள். நின்றபடி இறக்கினால் குழாய் வாயில் மண் அடைக்கும். மண்ணில் இறங்கிய நிலையில் ஒரு சாண்கூடப் பின்னால் போகாதீர்கள். குழாய் அடைபடுவதற்கு இதுவே முதன்மையான காரணம். அடைபட்டது வயல் முடியும்வரை தெரியவும் தெரியாது.

12. முதல் 20 மீட்டரில் நின்று தோண்டுங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்களே அதிகம். வேலை கெடுவதும் இங்கேதான். 20 மீட்டர் ஓடி நிறுத்தி, ஒரு கத்தியும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். சாலின் நீளவாக்கில் அல்லாமல் முதலில் குறுக்காக மண்ணை வெட்டி, ஒரு பக்கச் சுவரை மெதுவாக அகற்றுங்கள். சாலின் வெட்டுமுகம் தெரியும். விதைக்குக் கீழே வெற்றிடம் இருக்கிறதா, சுவர் மெழுகியிருக்கிறதா, வைக்கோல் மடிந்திருக்கிறதா, மேலே மூடிய மண் தூளாக இருக்கிறதா கட்டியாக இருக்கிறதா என்பதெல்லாம் ஒரே பார்வையில் புலப்படும். பிறகு நீளவாக்கில் மெல்லச் சுரண்டி ஐந்தாறு விதைகளின் ஆழத்தை அளக்க வேண்டும்.

எல்லா வரிசையிலும் செய்யுங்கள். டிராக்டர் தடத்தில் ஒன்று, தடத்துக்கு வெளியே ஒன்று என்பதாவது குறைந்தபட்சம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு அமைப்பை மாற்றி, மறுபடி 20 மீட்டர் ஓடிப் பாருங்கள். மூன்றை ஒரே சமயத்தில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போகும். பொழுது ஏறி மண்ணும் தாளும் காயும்போது, வயல் மாறும்போது, மண் மாறும்போது மீண்டும் தோண்ட வேண்டும்.

13. முளைத்த பின் வயல் சொல்வதைப் படித்தல்

விதைத்து 10 முதல் 14 நாளில் வரிசைகளை எண்ணுங்கள். முளைக்காத இடத்தைத் தோண்டினால் காரணம் அங்கேயே கிடக்கும். விதையே இல்லாமல், இடைவெளி எல்லா வரிசையிலும் ஒரே இடத்தில் இருந்தால் தரைச் சக்கரம் தூக்கியிருக்கிறது அல்லது செயின் நழுவியிருக்கிறது. ஒரே வரிசையில் நீளமாக விட்டுப்போயிருந்தால் குழாய் அடைப்பு. விதை ஊறிய நிலையில் வைக்கோலுக்குள் அழுகியிருந்தால் வெட்டும் பகுதி கோளாறு. விதை காய்ந்து அப்படியே கிடந்தால் மண்ணோடு ஒட்டவில்லை. மூடு சக்கரத்தையும் விதைத்த நாளின் பதத்தையும் பாருங்கள். முளை மண்ணுக்குள்ளேயே வளைந்து சுருண்டிருந்தால் ஆழம் அதிகம், அல்லது மேல் மண்ணை அளவுக்கு மீறி அமுக்கியிருக்கிறீர்கள்.

நன்றாக முளைத்த செடிகளிலும் சிலவற்றைப் பிடுங்காமல் மண்வெட்டியால் முழுதாகப் பெயர்த்துப் பாருங்கள். வேர் எல்லாப் பக்கமும் பரவாமல், சாலின் நீளத்தில் மட்டும் தட்டையாக ஓடியிருந்தால் சுவர் இறுகியிருக்கிறது. அந்தப் பயிர் ஈரம் இருக்கும்வரை பச்சையாகவே நிற்கும், முதல் காய்ச்சலில் பக்கத்து வயலுக்கு முன்பே வாடும். அடுத்த பருவத்துக்கு அந்த வயலின் பெயருக்கு எதிரே அழுத்த ஸ்ப்ரிங் எந்தப் படியில் இருந்தது, மூடு சக்கரம் எது, பதம் எப்படி இருந்தது என்று குறித்துவையுங்கள்.

கருவியை ஒதுக்கி வைக்குமுன் உரப் பெட்டியைக் கழுவி உலர்த்துங்கள். ஈரம் இழுக்கும் உரம் ஓரிரவு தங்கினாலே கெட்டிப்பட்டு உருளையை இறுக்கும், தகட்டை அரிக்கும். அழுத்த ஸ்ப்ரிங்குகளைத் தளர்த்தி, டிஸ்க் முகத்திலும் செயினிலும் எண்ணெய் பூசி, கூரையின் கீழ் மரக்கட்டைகளின் மேல் நிறுத்துங்கள்.